நிலத்தின் தன்மை: மற்றவை

எங்கள் சைட் ரிப்போர்ட்டில் 17ஆவது கட்டம் ‘நிலத்தின் தன்மை’. அதைத் தொட்டால் நான்கு சொற்கள் கீழே இறங்கும். விவசாய நிலம், வனம், பயனற்ற நிலம், மற்றவை. நாமாக எதையும் எழுத முடியாது, நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். காற்றாலைப் பராமரிப்பு வேலையில் பல்லடம், தாராபுரம் பக்கம் ஆறு வருடம் ஓட்டிவிட்டு ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு மாற்றலாகிப் போனவன் நான். போன முதல் வாரத்திலேயே 38 காத்தாடிகளுக்கு ரிப்போர்ட் போட்டேன். அத்தனைக்கும் ‘பயனற்ற நிலம்’. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை மணலும் கல்லும், அங்கங்கே எருக்கு, தூரத்தில் இன்னும் காத்தாடிகள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் பேசியபோது அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, போனை வாங்கி, “சாமி, அங்க என்ன இருக்குது?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லீங்க அப்புச்சி, வெறும் மணலுங்க” என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். எனக்குத்தான் அந்தப் பதில் பல நாள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

இதில் பாதி என் அவசரம், பாதி நம் எல்லாருடைய பழக்கம். பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தவர்களுக்குத் தெரியும், பாலைக்கென்று சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துக் காய்ந்தால் அதற்குப் பெயர் பாலை. நம் மொழியில் பாலை ஓர் ஊர் இல்லை, ஒரு நோய். மழை பெய்தால் குணமாகிவிடும். அந்த மொழியில், அதிலும் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் காட்டில், வளர்ந்தவனுக்கு வறண்ட நிலம் என்றால் தண்ணீர் இன்னும் வந்து சேராத நிலம், அவ்வளவுதான். எங்கள் அப்புச்சி பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலின் கடைமடைக்காரர். மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் வந்தால்தான் உண்டு. முறைத் தண்ணி வருகிற ராத்திரி டார்ச் லைட்டும் போர்வையுமாக மடையிலேயே உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வந்துவிட்டால் மறுநாள் வீட்டில் எல்லார் குரலும் ஒரு சுதி ஏறியிருக்கும். அந்த வீட்டுப் பையன் தார் பாலைவனத்தைப் பார்த்தால் என்ன தோன்றும்? ஐயோ, இதற்கு யாராவது தண்ணீர் விட்டால் தேவலையே என்றுதான் தோன்றும். அரசாங்கத்துக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. நாட்டின் தரிசுநிலங்களைக் கணக்கெடுத்து வெளியிடும் வரைபடத் தொகுப்பில் பாலைவன மணல் தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது.

டவர் நிழலில் ஐந்து நாள்

டிசம்பர் கடைசியில் ஒரு காத்தாடியின் தலையைக் காற்றுப் பக்கம் திருப்பும் கியரில் பல் உடைந்தது. புதுக் கியரைத் தூக்கிவைக்கக் கிரேன் வேண்டும். கிரேனோ வழியில் எங்கோ மணலில் புதைந்து நின்றது. இறக்கி வைத்த சாமானுக்குக் காவலாக நானும் ஜீப் ஓட்டும் பெரியவரும் அங்கேயே உட்கார்ந்தோம். சைட்டில் எல்லாரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். என் இந்தி நொண்டி. அவருடையதில் முக்கால்வாசி மார்வாடி. அதனால் பேச்சு குறைவு. அவர் பீடி பிடிப்பார், நான் மணலைப் பார்ப்பேன்.

காலை பத்து மணி வரை எதுவும் அசையவில்லை. குளிர் அப்படி. வெயில் உறைத்த பிறகு இருபதடி தள்ளி ஒரு வளையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மணலே கண் திறந்தது போல இருந்தது, அவ்வளவு ஒரே நிறம். பிறகு பக்கத்து வளையில் ஒன்று, எருக்கஞ்செடி அடியில் இரண்டு. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்கு வால், வால் நுனியில் கரித்துண்டு தேய்த்த மாதிரி கறுப்பு மயிர். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை இருந்தது, அதை விட்டு விலகவில்லை. “ஊந்தரா” என்றார் காகா. அவர் பாஷையில் எலி. எலியில் பார்க்க என்ன இருக்கிறது என்ற தொனி.

வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டே இருந்தேன். டவரைச் சுற்றி நாற்பதுக்கு மேல் வளை வாய்களை எண்ணினேன். முன்காலில் நீள நகங்கள். அவற்றால் பறித்து, பின்னங்காலால் மண்ணை உதைத்துத் தள்ளும். பறக்கிற மண்ணைப் பார்த்தால் சின்னதாக ஒரு ஜேசிபி ஓடுவது போல இருக்கும். சேவண் புல்லின் தாளைக் கடித்து வீழ்த்தி, இரண்டு கையாலும் பிடித்து, கரும்பு கடிக்கிற மாதிரி ஒரு முனையிலிருந்து தின்றுகொண்டு வரும். மேலே ஒரு பருந்தின் நிழல் நகர்ந்தால் போதும், கைதட்டினால் அணைகிற விளக்கு மாதிரி மொத்தக் கூட்டமும் காணாமல் போகும். பத்து நிமிடம் கழித்து ஒன்று மட்டும் வரும். எப்போதும் எருக்கடியில் இருந்துதான் அந்த முதல் ஆள் வந்தது. அதைத் துணிச்சல் என்பதா, பசி என்பதா.

இரண்டாம் நாள் எனக்கு இரக்கம் வந்தது. டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி வளைகளுக்கு நடுவில் வைத்தேன். எதுவும் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் ஒன்று வந்தது, விளிம்பை மோந்தது, போய்விட்டது. நான்காம் நாள் காலை எருக்கடி ஆள் புது வாய் ஒன்று திறந்தது. உதைத்துத் தள்ளிய மண் நேராக என் மூடியில் விழுந்து, மதியத்துக்குள் மூடியே தெரியாமல் மூடிவிட்டது. காகா சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. ஐந்து நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அன்று ராத்திரி அறைக்குப் போய்த் தேடிப் படித்தேன். தமிழில் இதற்குப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, இந்தியப் பாலைவன ஜெர்பில் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயரில் ஹரியானா இருக்கிறது: மெரியோனெஸ் ஹரியானே. 1867இல் அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஜெர்டன், சென்னை ராஜதானியில் டாக்டராக வேலை பார்த்தவர். தார் தொடங்கி பாகிஸ்தான், ஈரான் வரை இது பரவியிருக்கிறது. ஜெர்பில் குடும்பத்தில் பெரும்பாலானவை ராத்திரிக்காரர்கள். இதுவோ பகலில் வெளியே வரும். குளிர்காலத்தில் நடுப்பகல், கோடையில் விடியற்காலையும் சாயங்காலமும். பகலில் வந்தும் எப்படித் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பதிலின் ஒரு பகுதி அது கடிக்கும் தாளிலும் இலையிலும் இருக்கிறது. இன்னொரு பகுதி விதையில். காய்ந்த விதையில் ஏது தண்ணீர் என்று கேட்கலாம். மாவுச்சத்து உடம்புக்குள் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. 100 கிராம் மாவுச்சத்துக்கு 55, 60 கிராம். கொழுப்பு என்றால் 100 கிராமுக்கு 100 கிராமைத் தாண்டியே வரும். நம் உடம்பிலும் இதே கணக்குத்தான். ஆனால் நமக்கு அது மூத்திரத்துக்கே காணாது. பாலைவனக் கொறிவிலங்குகளின் சிறுநீரகத்தில் வடிகுழாய் வளைவுகள் மிக நீளம். வடிந்த நீரை அவ்வளவு தூரம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, பாகு மாதிரி ஒரு சொட்டை வெளியே விடும். வியர்வை கிடையாது. மூச்சில் போகிற ஈரத்தைக்கூட விடுவதில்லை. உள்ளே இழுக்கும் வறண்ட காற்று மூக்கின் உட்சுவரைக் குளிர வைக்கிறது. நெஞ்சிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு, சோற்றுப் பானை மூடியில் ஆவி முத்து முத்தாகப் படிவது போலப் படிகிறது. அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலியை வைத்து நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர் இதையெல்லாம் அளந்து காட்டினார். கங்காரு எலிக்கும் நம் ஜெர்பிலுக்கும் நெருங்கிய உறவே இல்லை. இரண்டு கண்டங்களில் தனித்தனியாக இதே சிக்கனத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இத்தனையும் இருந்தாலும் வளை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. கோடைமதியம் தார் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அரை மீட்டர் கீழே போனால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியாது. அங்கே மூச்சின் ஈரம் தங்கும், சேர்த்துவைத்த விதை அந்த ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும், விதையைத் தின்றால் அதே ஈரம் திரும்ப வரும். வெளிநாடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்களே ஜெர்பில், அது இதன் மங்கோலியப் பங்காளி. தொட்டி மூலையில் மணிக்கணக்காக வீணாய்ப் பறித்துக்கொண்டே இருக்கும். தோண்ட நிறைய மண் கொடுத்தால் சரியாகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1997இல் வைடன்மேயர் என்பவர் வெளியிட்ட ஆய்வில், தோண்ட மணல் கொடுத்த குட்டிகள் அப்படியேதான் பறித்தன. சுரங்கம் வழியாகப் போய்ச் சேரும் இருட்டறை ஒன்றைக் கட்டிக் கொடுத்த குட்டிகளுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அதற்குத் தேவை மண் இல்லை, வீடு. நான் முப்பத்தெட்டு முறை பயனற்றது என்று தொட்ட இடத்தின் பயன் முழுவதும் தரைக்குக் கீழே இருந்திருக்கிறது.

தெரிந்த முகங்கள்

ஒரு கண் திறந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். அங்கே கேஜ்ரி என்று கும்பிடுகிற மரம் நம் கோயில்களில் நிற்கும் வன்னி. தாமண் என்று ஆட்டுக்கு விடுகிற புல் எங்கள் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லேதான். காப்புக் கட்டுக்கு நாம் செருகும் பூளைப்பூவின் பெரிய அக்கா அங்கே மேடு முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கிறாள். ஒரு ராத்திரி டவர் கதவருகே உப்புத்தாளைத் தேய்ப்பது போலச் சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், சுருட்டை விரியன். அதையும் ஊரில் பார்த்திருக்கிறேன். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்தால் அடிக்க ஓடுவோம். இங்கே அது எலி வளைக்குள்ளிருந்து நிதானமாக வெளியே வந்தது. வளையைத் தோண்டியவர் உள்ளே இருந்தாரா, வயிற்றில் இருந்தாரா தெரியாது. ஜெர்பிலை நம்பித்தான் அங்கே பாதிச் சாப்பாட்டுக்கடை நடக்கிறது. வால்நுனி வெளுத்த பாலைவன நரி, காட்டுப் பூனை, பருந்துகள், பாம்புகள் எல்லாம் அந்தக் கடையில் கணக்கு வைத்திருப்பவை. முள்வால் ஓந்தி சாண்டா மட்டும் பெரும்பாலும் இலைதழையோடு சரி. சாயங்காலமானால் தன் வளையை உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொள்ளும், கதவைச் சாத்துகிற மாதிரி.

கானமயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், என் வேலையே அதில் வருவதால். நாட்டில் மொத்தம் 150க்கும் கீழே வந்துவிட்ட பறவை. அவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கம்தான். ஆண் பறவை 15 கிலோ வரை வரும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே தொங்கும் மின்கம்பி கிட்டே வரும்வரை தெரியாது, தெரிந்த பிறகு அந்த உடம்பை வளைத்துத் திருப்ப முடியாது. காத்தாடியும் சூரியத் தகடும் பிடித்த மின்சாரத்தை ஊருக்கு அனுப்பும் அந்தக் கம்பிகளைத்தான் உச்ச நீதிமன்றம் 2021இல் தரைக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. நான் இதில் நடுநிலையான ஆள் இல்லை, என் சம்பளம் அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது. கரிப்புகை இல்லாத மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் “அங்கேதான் ஒன்றும் இல்லையே, அங்கே போடு” என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம். முதல் அணுகுண்டுச் சோதனைக்குப் பொக்ரானைத் தேர்ந்தெடுத்ததும் இந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். நான் செய்தது அதில் 38 கட்டம்.

கடைமடை

காகாவின் தம்பிக்கு மோகன்கட் பக்கத்தில் ஒரு முரப்பா நிலம் இருக்கிறது. முரப்பா என்றால் 25 பீகா, கால்வாய்ப் பாசனத்தில் ஒதுக்கித் தரும் அளவு. பிப்ரவரியில் அவர் மகளுக்குக் கல்யாணம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஜெய்சல்மேரிலிருந்து போகப் போக முதலில் மணல், பிறகு சீமைக்கருவேலம், பிறகு திடீரென்று பச்சை. கடுகும் கடலையும் சீரகமும் கண் கூசும்படி. இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேரும் ஹரிகேயில் தொடங்கி ஏறக்குறைய 650 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து முடிகிறது. 1958இல் தொடங்கிய வேலை, தண்ணீர் இந்தக் கடைசி முனைக்கு வந்தது 1987இல். கால்வாய்க் கரையில் இறங்கி நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. கடைமடைக்காரன் பேரன். 650 கிலோமீட்டர் தாண்டியும் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. உடனே அப்புச்சிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். “அட, இது நம்ம வாய்க்காலைவிடப் பெருசா இருக்குதே” என்று அவர் சிரித்தார்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து திரும்பும்போது ஜீப் வெளிச்சத்தில் வரப்பு மேல் ஒன்று எகிறியது. நின்றது, நிமிர்ந்தது. நல்ல பெரிய எலி, பெரிய கண், உடம்பைவிட நீண்ட வால், நுனியில் குஞ்சம். திரும்பியபோது அடிவயிறு சலவைக்குப் போட்டு வந்த வேட்டி மாதிரி வெள்ளையாக மின்னியது. “காகா, நிறுத்துங்க!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வெள்ளெலி. எங்கள் காட்டு வெள்ளெலி. சின்ன வயதில் மாமாவோடு சோளத்தட்டு அறுத்த காட்டில் வளை வளையாகத் தேடிப் போவோம். வளை வாயைப் பொடிமண்ணால் அடைத்து வைத்திருக்கும். ஒரு வாயில் புகை போட்டால் இன்னொரு வாயில் வரும். இரண்டையும் அடைத்தால், மேல்மண்ணுக்கு விரலளவு கீழே நிறுத்தி வைத்திருக்கும் ரகசிய வழியை முட்டி உடைத்துக்கொண்டு நம் முகத்துக்கு நேராகத் துள்ளும். மாமா அதைப் பிடிக்கிற அழகே தனி. சுட்ட வெள்ளெலியின் ருசி தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் முகம் சுளிக்காமல் தாண்டிப் போகலாம். ஊரை விட்டு வந்து ஐந்து மாதத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நேரத்திலேயே மாமாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: “மாமா, நம்ம வெள்ளெலி இங்க இருக்குதுங்க.”

வெள்ளெலியும் ஜெர்பில்தான். டட்டேரா இண்டிகா. சிரியாவிலிருந்து இலங்கை வரை பரவிய இனம். மறுநாள் காலை கல்யாண வேலையில் யாரும் என்னைக் கவனிக்காத நேரம் பார்த்து வயலில் நடந்தேன். டவரடியில் பார்த்த பகல் எலியைத் தேடித்தான். ஒரே ஊரில் இரண்டு ஜெர்பில், ஒன்று பகல் ஷிப்ட், ஒன்று ராத்திரி ஷிப்ட் என்று மனதில் ஒரு அழகான படம். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. ஒன்றும் வரவில்லை. வரப்பில் இருந்ததெல்லாம் வெள்ளெலி வளை. கால்வாய்க் கரையில் அதைவிடப் பெரிய ஓட்டைகள். காகாவின் தம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எலி தேடுகிறேன் என்றதும் அவருக்கு விருந்தாளியைப் பற்றிக் கவலை வந்திருக்க வேண்டும். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் வந்த புதிதில் இங்கே பகல் எலிதான், கால் வைத்தால் வளையில் இறங்கும். தண்ணீர் விட்டோம், டிராக்டர் ஓட்டினோம், அது போய்விட்டது. அப்புறம் இந்த ராத்திரி எலி பெருகியது. இப்போது கரையைத் துளைக்கிற தடியன் ஒன்று வந்திருக்கிறது. மூன்று தாசில்தார்கள் மாறிய கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, சாப்பிட வாருங்கள் என்றார்.

அவர் சொன்னதை ஜோத்பூரில் எழுத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே 1959 முதல் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதில் ஈஷ்வர் பிரகாஷ் என்ற விலங்கியலாளர் பல பத்தாண்டுகள் பாலைவனக் கொறிவிலங்குகளோடேயே வாழ்ந்தார் என்று சொல்லலாம். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதியதன் சாரம் இது: கால்வாய்ப் பாசனம் வந்த இடங்களில் பகல் எலியான மெரியோனெஸ் குறைந்துகொண்டே போகிறது, வெள்ளெலியும் மென்மயிர் வயலெலியும் வயல் பெருச்சாளியும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. வெள்ளெலி தாருக்குப் புதியது இல்லை. வேலி ஓரம், ஊர் ஓரம், கெட்டித் தரை என்று முன்பும் இருந்ததுதான். ஆனால் மணல் மேடு அதன் ராஜ்ஜியம் இல்லை. உழவும் ஈரமும் அந்த ராஜ்ஜியத்தை அதற்கு எழுதிக் கொடுத்திருக்கின்றன. மணல் நனைந்தால் பகல் எலியின் வளை நிற்காது, கொழு ஓடினால் மொத்தக் குடியிருப்பும் கவிழும், சேவண் புல் போனால் சாப்பாடு போகும். தண்ணீரே வேண்டாம் என்று சிறுநீரகம் முதல் மூக்கு வரை செதுக்கிக்கொண்ட உயிருக்குத் தண்ணீர்தான் எமன்.

இதைப் படித்த ராத்திரி, மாமாவுக்கு அனுப்பிய மெசேஜை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். ஜீப் வெளிச்சத்தில் எனக்கு வந்த சந்தோஷம் பொய் இல்லை. ஆனால் அது எதைப் பார்த்து வந்தது? நம்ம ஊர் எலி அங்கே இருக்கிறது என்றால், நம்ம ஊர் அங்கே போய்விட்டது என்றுதானே அர்த்தம். ஒரு பாலைவனம் எனக்குப் பிடித்துப்போனது அது பாலைவனமாக இல்லாமல் போன இடத்தில்தான். என் டிபன் பாக்ஸ் மூடியைப் பெரிதாக்கினால் அந்தக் கால்வாய். வித்தியாசம் என்னவென்றால், அதை மண் தள்ளி மூட எருக்கடி ஆளால் முடியாது.

கால்வாயைத் திட்டிவிட்டுப் போவது எனக்குச் சுலபம் இல்லை. காகாவின் அம்மா வற்றிய குளத்துக்குள் தோண்டிய பேரி என்ற சின்னக் கிணற்றில், ஊறும் தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு, பாதி ராத்திரியில் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர். “எலி போனதுக்கு அழச் சொல்றியா?” என்று காகா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதேசமயம் தண்ணீரும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மணலுக்குக் கீழே பல இடங்களில் ஜிப்சம் படலம். விட்ட தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கி, உப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. ‘சேம்’ என்கிறார்கள். அப்படி உவராகிப் போன வயல்களைத் திரும்பும் வழியில் பார்த்தேன், பழைய மணல் மேட்டைவிட வெறுமையாக இருந்தன. 1994இல் மேற்கு ராஜஸ்தானில் பெரிய மலேரியா வந்து நிறையப் பேர் செத்தார்கள். தேங்கிய நீரில் கொசு குடிவந்ததும் அதற்கு ஒரு காரணம். பாலையைப் பச்சையாக்கும் ஆசையில் ஜோத்பூர் மகாராஜா 1940இல் அரச மரியாதை கொடுத்து வளர்த்த செடி எது தெரியுமா? நாம் இங்கே கோர்ட் உத்தரவு வாங்கிப் பிடுங்கிக்கொண்டிருக்கிற அதே சீமைக்கருவேலம். இதைக் காகாவிடம் சொன்னேன். எங்கள் ஊரிலும் அதைப் பிடுங்க ஆள் இல்லை என்றார்.

மார்ச்சில் ஆண்டு இறுதி ரிப்போர்ட். அதே 38 காத்தாடி, அதே 17ஆவது கட்டம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முப்பத்தெட்டுக்கும் ‘மற்றவை’யைத் தொட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. ஐந்து மாதத்தில் நிலத்தின் தன்மை எப்படி மாறும், ‘மற்றவை’ என்றால் என்ன, விளக்கவும். நான் நிறைய எழுதி, அழித்து, கடைசியில் ஒரே வரி அனுப்பினேன்: “எல்லா டவரடியிலும் எலி வளைகள் இருக்கின்றன, குடியிருப்பு நல்ல நிலையில் உள்ளது.”

பதில் வரவில்லை. அடுத்த வாரம் கூரியர் வந்தது. உள்ளே கன்ட்ரோல் பேனலுக்கு அடிக்கக் கம்பி வலை ஒரு சுருள், எலி மருந்து இரண்டு டப்பா, உடனே நடவடிக்கை எடுத்துப் படத்துடன் அறிக்கை அனுப்பவும் என்று ஒரு சீட்டு. வலையை அடித்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். டப்பாக்கள் ஸ்டோர் ரூம் அலமாரியில் ஸ்பேனர் செட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அவை எதற்கு என்று காகா ஒரு நாள் கேட்டார். பெயின்ட் என்றேன்.